நாற்பது போனுக்கும் ஒரே கணக்கு

ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குப் பயம். கிழமை முழுதும் கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து, மற்றவர்களின் விண்ணப்பங்களில் முத்திரை குத்திவிட்டு, நெரிசல் பஸ்ஸில் நின்றபடியே குண்டசாலைக்கு வந்து சேருகிறவன் நான். ஒரு நாளாவது மதியம் வரை படுத்துக் கிடக்கலாம் என்று நினைப்பேன். காலை எட்டு மணிக்கே கேட்டைத் தட்டுவார்கள். கையில் பொலித்தீன் பையோடு யாராவது நிற்பார்கள். பைக்குள் உடைந்த போன் இருக்கும்.

இது நானே தேடிக்கொண்ட வினை. நாட்டில் ஒன்றும் கிடைக்காமல் எல்லாரும் வரிசையில் நின்ற அந்த வருடத்தில், என் போன் கைதவறி விழுந்து கண்ணாடி நொறுங்கியது. புதுப் போன் வாங்குவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. பழுதுபார்க்கும் கடைகளிலும் சாமான் இல்லை. கொழும்பில் ஒருவரிடம் அந்த மொடலுக்கு டிஸ்பிளே இருப்பதாகக் கேள்விப்பட்டு வரவழைத்து, வீடியோ பார்த்துப் பார்த்து நானே மாற்றினேன். அது வெளிச்சம் போட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அலுவலகத்தில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். நான்தான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேனே. முதலில் அலுவலகத்துப் பெரிய ஐயாவின் போன் வந்தது. அப்புறம் அவருடைய மச்சானின் போன். பிறகு குண்டசாலையே வந்தது.

சாப்பாட்டு மேசைதான் பட்டறை. மனைவியின் தலைமுடி உலர்த்தியால் போனின் விளிம்பைச் சூடாக்குவேன். பசை இளகியதும், போனுக்குக் காசு ஏற்றிய பழைய ரீலோட் கார்ட் ஒன்றை மெல்ல உள்ளே செலுத்திக் கண்ணாடியைக் கிளப்புவேன். ஒரு வெள்ளைத் தாளில் போனின் உருவத்தை வரைந்துகொண்டு, எந்தத் திருகாணி எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே படத்தின் மேல் வைப்பேன். பார்க்கிறவர்களுக்கு அது பிள்ளை விளையாட்டு மாதிரித் தெரியும். ஆனால் அந்தத் திருகாணிகளில் ஒன்று மற்றவற்றைவிட அரை மில்லிமீற்றர் நீளமாக இருக்கும். அதை வேறு ஓட்டையில் பூட்டினால் உள்ளே இருக்கும் போர்டைத் துளைத்துவிடும். போன் அதோடு சரி. ஆரம்பத்தில் அப்படி இரண்டைக் கொன்றிருக்கிறேன்.

இவ்வளவு கவனமாக இருந்தவன்தான் மகா மடத்தனமான ஒரு வேலையும் செய்தேன்.

ஸ்மார்ட்போனை முதன்முதலாக இயக்கும்போது அது ஒரு மின்னஞ்சல் கணக்குக் கேட்கும். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியாது. மீதிப் பேர் யாரோ கடைக்காரர் உண்டாக்கித் தந்த கணக்கின் கடவுச்சொல்லை மறந்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒரு கணக்கு ஆரம்பித்து, பிறந்த திகதி கேட்டு, இரகசிய எண் வரும்வரை காத்திருந்து, அதை எழுதிக் கொடுத்து, அவர்கள் தொலைத்துவிட்டு வர மறுபடி எழுதிக் கொடுத்து... எனக்கு அலுத்துப் போயிற்று. நானே ஒரு கணக்கு ஆரம்பித்தேன். வந்த போன்களிலெல்லாம் அதையே போட்டேன். நாற்பது போன் இருக்கும், நாற்பதுக்கும் ஒரே கணக்கு. படங்கள் அதில் ஏறாதபடி நிறுத்தி வைக்கும் அளவுக்கு மட்டும் புத்தி இருந்தது. தொலைபேசி எண்களையும் அவற்றோடு ஒட்டி வைக்கும் படங்களையும் பற்றி யோசிக்கவில்லை. ஒரு போனில் சேமிக்கிற எண் அந்தக் கணக்கில் போய் உட்காரும், அங்கிருந்து மற்ற முப்பத்தொன்பது போனுக்கும் இறங்கும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் விட்டேன். சோம்பல் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல என்னால் முடியாது.

அந்த நாற்பதில் ஒன்று, ஹேவாஹெட்ட பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற ஓர் அக்காவுடையது. என் மனைவியின் தமக்கை இருக்கும் லயத்து வீட்டு வரிசையில் அடுத்த வீட்டுக்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். யாரோ பாவித்துவிட்டுக் கொடுத்த போன். கண்ணாடி வெடித்திருந்தது. டிஸ்பிளே மாற்றி, அவருடைய பழைய பட்டன் போனில் இருந்த எண்களை இதற்கு ஏற்றிக் கொடுத்தேன். எழுத்துத் தெரியாது என்றார். அதனால் அவருக்கு வேண்டிய ஒரே எண்ணுக்கு ஒரு படமும் போட்டேன். மகளின் படம். அதைத் தொட்டால் அழைப்புப் போகும்.

எப்படி என்று நானே தொட்டுக் காட்டினேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. நான் தவறு செய்துவிட்டேனோ என்று எண்ணைச் சரிபார்க்கப் போனேன்.

“எடுக்க மாட்டா தம்பி,” என்றார். “அவ இஷ்டத்துக்கு ஒருத்தரக் கட்டிக்கிட்டா. நாந்தான் கோவத்துல, இனி இந்த வாசல மிதிக்காதன்னு சொல்லிட்டேன். ரெண்டு வருசம் தாண்டிருச்சு. கொழும்புல துணிக்கடையில நிக்கிறான்னு சொல்றாங்க, எந்தக் கடைன்னு தெரியல. வைராக்கியக்காரி. ஆனா பாருங்க, நம்பர மட்டும் மாத்தல. ஞாயித்துக்கெழம ஒருக்கா அடிச்சுப் பாப்பேன். ரிங் போகும். ரிங் போனா போதும், புள்ள இருக்கான்னு தெரிஞ்சுக்குவேன்.”

சொல்லும்போது சிரித்த முகமாகத்தான் இருந்தார்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் யாழ்ப்பாணத்துக்காரர். உத்தியோகத்துக்காகக் கண்டிக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். பேனாவைக்கூட மேசையில் நேராகத்தான் வைப்பார். அந்த அக்கா வந்து போய்ச் சில வாரத்தில் அவருடைய போன் பஸ்ஸில் ஏறும்போது விழுந்து கறுத்துப் போயிற்று, பெட்டரியும் ஊதிவிட்டது. நான் பழுது பார்க்கிறேன் என்று இழுத்தடித்ததில் பொறுமை இழந்து புதிதாக ஒன்று வாங்கினார். பழையதை “சாமானுக்கு வச்சிரும்” என்று என்னிடமே தந்துவிட்டார். மேசை லாச்சியை இழுத்து அதற்குள் போட்டேன். புதுப் போனிலும் வழக்கம்போல என் கணக்கைப் போட்டுக் கொடுத்தேன். பழைய போனிலும் அதே கணக்குத்தான், ஆனால் அதில் சிம் அட்டையில் உள்ள எண்கள் மட்டும் தெரிகிற மாதிரி இருந்தது. புதியதில் அப்படியில்லை.

நாலைந்து நாள் கழித்து மதிலுக்கு மேலால் கூப்பிட்டார்.

“தம்பி, நீர் நல்லாத்தான் செய்து தந்தனீர். ஆனா இதுக்குள்ளை ஊர்பேர் தெரியாத ஆக்கள்ரை நம்பரெல்லாம் கிடந்தது. ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ரை படம் வேறை. மனிசி கண்டா என்ன நினைக்கும்? இண்டைக்கு விடியக்காலமை இருந்து எல்லாத்தையும் ஒவ்வொண்டா அழிச்சுப் போட்டன்.”

வேலைக்குப் போகும் அவசரம். “நல்லதுங்க ஐயா” என்றுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். நல்லதுங்க ஐயா! ஓர் எண்ணை ஒரு போனில் அழித்தால் நாற்பதிலும் அழியும் என்று அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து ஆட்கள் என்னைத் தேட ஆரம்பித்தார்கள். நம்பர்களைக் காணோமாம். ஆட்டோக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். எல்லாருக்கும் ஒரே மருந்து சொன்னேன்: நிறுத்திவிட்டுத் திரும்பப் போடுங்கள். மனைவியின் தமக்கை போனிலிருந்து அந்த அக்காவும் பேசினார். “தம்பி, புள்ள படத்தக் காணோம்” என்றார். அவருக்கும் அதையே சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் நேரே வந்துவிட்டார். எனக்கு முந்தின நாளிலிருந்தே தலையிடி. கேட் சத்தம் கேட்டதும் மனைவியிடம், “நான் இல்லன்னு சொல்லு” என்றேன். அவள் முறைத்துவிட்டுப் போனாள். அந்த அக்கா உடனே திரும்பிப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. முன்னறைக் கதிரையில் உட்கார்ந்து, பிளேன்டீ குடித்து, அரை மணிநேரம் எனக்காகக் காத்திருந்தார். நான் அறைத் திரைக்குப் பின்னால் கட்டிலில் கிடந்தேன். இருமல் வந்தது, தலையணையை வாயில் அழுத்திக்கொண்டேன். பிறகு பஸ் போய்விடும் என்று எழுந்து போனார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அவர் திரும்ப வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. மழையில் பாதையில் மண் சரிந்து பஸ் ஓடவில்லையாம். இடையில் தங்கள் பக்கத்துக் கடை ஒன்றில் காட்டியிருக்கிறார். அங்கே இருந்தவர் போனில் ஏதோ கோளாறு என்று உள்ளே இருந்த அத்தனையையும் அழித்துப் புதுசாக்கிக் கொடுத்திருக்கிறார். அவர் ஞாயிறுதோறும் அழைத்த பதிவுகள் அதுவரை அதில் இருந்திருக்கும். எண்ணை அங்கிருந்து எடுத்திருக்கலாம். அதுவும் போயிற்று.

“வேற எங்கயும் எழுதி வைக்கலியா அக்கா?”

“போன்லதான் இருக்கே தம்பி, எதுக்கு எழுதணும்?”

நான் அவருடைய போனில் என் கணக்கைத் திரும்பப் போட்டுத் திறந்து பார்த்தேன். பெரியவருக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு எண்கள் மட்டும் ஒழுங்காக நின்றன. பெரியவர் அன்று மதிலுக்கு மேலால் சொன்னது அப்போதுதான் முழுதாக ஏறியது. அழித்த எண்களை அந்தக் கணக்கு முப்பது நாள் ஒரு குப்பைக்கூடையில் வைத்திருக்கும், அதற்குள் கேட்டால் திருப்பித் தரும். நாட்காட்டியைப் பார்த்து எண்ணினேன். பெரியவர் அழித்து முப்பத்தொன்பது நாள். கூடை காலி. நான் திரைக்குப் பின்னால் ஒளிந்து கிடந்தது நாலாம் நாள். அன்றைக்கு எழுந்து வந்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

அந்த அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி மறைக்க எனக்குத் தெம்பில்லை.

“அக்கா, இது போன் கோளாறு இல்ல. நான் செஞ்ச வேல” என்று தொடங்கி, எல்லாருக்கும் ஒரே கணக்கைப் போட்டது, அடுத்த வீட்டில் அழித்தது இங்கேயும் அழிந்தது, எல்லாம் சொன்னேன்.

“நீங்க வேணும்னா செஞ்சீங்க?” என்றார்.

“அன்னைக்கு நீங்க வந்தப்போ நான் வீட்லதான் இருந்தேன்.”

“தெரியும் தம்பி. செருப்பு வாசல்ல கெடந்துச்சு.”

கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் எழுந்து குசினிக்குப் போய் ஒரு கோப்பை தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வந்து உட்கார்ந்தபோதுதான் லாச்சிக்குள் கிடக்கும் பெரியவரின் பழைய போன் நினைவுக்கு வந்தது. அவர் புதுப் போனில் எண்களை அழிப்பதற்கு முன்பே செத்துப்போன போன் அது. அதற்குள் பழைய பட்டியல் அப்படியே இருக்க வேண்டும். அழிந்தது அதற்கு இன்னும் தெரியாது.

ஆனால் அதற்கு டிஸ்பிளே இல்லை, பெட்டரி இல்லை. அந்த மொடலுக்குச் சாமான் வருவது நின்று பல மாதம். குண்டசாலையில் அதே மொடல் இன்னும் ஒன்றுதான் எனக்குத் தெரிந்து இருந்தது. அது என் மனைவியின் கையில் இருந்தது.

“என் போனயா?” என்றாள்.

“போர்டத்தான் மாத்தணும், நம்பரெல்லாம் அதுலதான் கெடக்கு. ஒன் போர்டக் கழட்டி வச்சிட்டு, ஐயாவோட போர்ட அதுல பூட்டிப் பாக்கணும். திருப்பிப் பூட்டித் தந்துருவேன்.”

“என்னங்க, கெட்டுப் போனா?”

அவள் அந்த அக்காவைப் பார்த்தாள். பிறகு போனை மேசையில் வைத்துவிட்டு, தலைமுடி உலர்த்தியை எடுக்க உள்ளே போனாள்.

இன்னொரு சிக்கல் இருந்தது. உயிர் வந்த மறுகணமே அந்தப் பழைய போன் இணையத்தைத் தேடும். கிடைத்தால் கணக்கைப் பார்க்கும். பார்த்தால், அங்கே இல்லாத எண்களைத் தன்னிடமிருந்தும் அழித்துவிடும். எங்கள் வீட்டு வைஃபை அதற்குத் தெரியும், அதை நிறுத்திவிட்டேன். ஆனால் அது பெரியவரின் போன். மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவர் வீட்டு வைஃபையும் அதற்குத் தெரியும், எங்கள் சாப்பாட்டு மேசை வரை அது எட்டும்.

மழைத் தூறலில் அவர் வீட்டுக்குப் போனேன். கனடாவில் இருக்கும் மகனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். வைஃபையைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும் என்றேன். ஏன் என்றார். சுருக்கமாகச் சொன்னேன்.

“அந்தப் படத்திலை இருந்த பிள்ளையோ?” என்றார். “ஐயோ தம்பி, நான் அழிச்ச பிள்ளையோ?”

“ஒங்க தப்பு இல்லங்க ஐயா. நான் செஞ்சது.”

மகனிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் எழுந்து போய் வீட்டின் மெயின் சுவிட்சையே கீழே தட்டினார். காற்றாடி நின்றது. உள்ளே அவர் மனைவி என்ன என்று கேட்டார். “பேசாமல் இரும்” என்றார் பெரியவர்.

வந்து மேசையில் உட்கார்ந்தேன். இரண்டு தாள்கள், இரண்டு படங்கள், இரண்டு கூட்டம் திருகாணிகள். மனைவியின் போனைத் திறந்தபோது என் கண் மங்கியது. கிழமை முழுதும் வேலை செய்த கண். போர்டோடு இணைந்திருந்த ரிப்பன்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அவை நூல் மாதிரி, ஒரு பக்கம் இழுத்தால் அறுந்துவிடும். பெரியவரின் போர்டை உள்ளே வைத்து, நீளத் திருகாணியைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து இரண்டு தரம் பார்த்துப் பூட்டினேன். அந்த அக்கா கதிரையை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்திருந்தார். என் கையைப் பார்க்காமல் போனையே பார்த்தார்.

பொத்தானை அழுத்தினேன். ஒன்றுமில்லை. ரிப்பன் ஒன்று சரியாக உட்காரவில்லை. கழற்றித் திரும்பப் பூட்டி அழுத்தினேன். அதிர்ந்தது. வெளிச்சம் வந்தது. பழைய போனின் மூடியில் பெரியவர் பிளாஸ்டர் ஒட்டி எழுதித் தந்திருந்த கடவு எண்ணைப் போட்டேன். இணையம் இல்லை என்று காட்டியது. எல்லா எண்களையும் காட்டச் சொன்னேன். பட்டியல் இறங்கிக்கொண்டே போயிற்று. ஆட்டோக்காரர், பெரிய ஐயாவின் மச்சான், யார் யாரோ. விரலை நகர்த்திக்கொண்டே வந்தேன்.

“இந்தா இருக்கா,” என்றார் அக்கா.

எண்ணைத் தாளில் எழுதினேன். நம்பிக்கையில்லாமல் இன்னொரு தாளிலும் எழுதினேன். படத்தை என் போனால் எடுத்துக்கொண்டேன். பிறகு அவருடைய போனில் அவருக்கென்று தனிக் கணக்கு ஒன்றை ஆரம்பித்து, எண்ணையும் படத்தையும் ஏற்றினேன். எண் சரிதானா என்று பார்த்துவிடலாம் என்று, யோசிக்காமல், கையில் இருந்த என் போனில் அடித்தேன். சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தேன்.

ரிங் போயிற்று. “போகுது, போகுது” என்றார். முகம் முழுதும் மலர்ந்தது. எனக்கும் அப்போதுதான் முதுகு இளகியது.

மூன்றாவது ரிங்கில் எடுத்துவிட்டார்கள்.

“ஹலோ?”

என் எண் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தெரியாத எண் என்பதால் எடுத்திருக்கிறார். அது எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. அக்காவைப் பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“ஹலோ, யாருங்க?”

பேசுங்கள் என்று கையைக் காட்டினேன். அவர் வேகமாகத் தலையை ஆட்டினார். என்னைச் சொல்லச் சொல்லிச் சைகை காட்டினார்.

“நம்பர் மாறிடுச்சுங்க. மன்னிச்சுக்குங்க” என்றேன்.

“பரவால்லங்க.” அழைப்பு நின்றது.

மனைவிதான் கேட்டாள், “ஏன்க்கா பேசல?”

“நான் பேசுனா வச்சிருவா. அப்புறம் நம்பரையும் மாத்திருவா.” முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “தொண்ட கட்டியிருக்கு அவளுக்கு. தலைக்குக் குளிச்சா காய விடாம அப்புடியே முடிஞ்சுக்குவா. சொன்னா கேக்க மாட்டா.”

மனைவியின் போனைத் திரும்பப் பூட்டிக் கொடுத்தேன், அது வேலை செய்தது. பெரியவர் வீட்டில் கரண்ட் வந்தது. அந்த நாற்பது பேரையும் கூப்பிட்டு, உட்கார்த்தி, ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்குப் போட வேண்டும் என்று நினைக்கவே எனக்கு அலுப்பாக இருந்தது. இருந்தாலும் குடையை எடுத்துக்கொண்டு அந்த அக்காவோடு பஸ் தரிப்பிடம் வரை போனேன்.

அங்கே நின்றபோது அவர் தன் போனை எடுத்து மகளின் படத்தைத் தொட்டுக் காதில் வைத்தார். ரிங் போவது எனக்கும் கேட்டது. கடைசி வரை போய் நின்றது. இரண்டு வருடத்துக்கு மேலாக அவருக்கு அது போதுமாக இருந்தது. மறுபடி தொட்டார். மறுபடியும் கடைசி வரை போய் நின்றது. பஸ் வந்துவிட்டது. அவர் ஏறாமல் போனை என்னிடம் நீட்டினார்.

“எடுக்க மாட்டேங்குறா தம்பி” என்றார்.